வசனத்தை யாரிடம் கொண்டுபோவது? வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பாம்பனில் வடகடல் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய கருவாட்டுக் களம் இருக்கிறது. நெத்திலியும் சூடையும் வாங்கி, உப்பிட்டு, காயவைத்து விற்கிறேன். கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் களத்துக்கு இரண்டு பெண்கள் கூலிக்கு வருவார்கள்.

சிறு வயது முதல் வேதம் வாசித்தவள் நான். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி வைத்தால் பரிசு எனக்குத்தான். ஆனாலும் முப்பத்தைந்து வயது வரைக்கும் எந்த வசனமும் என்னை எழுப்பி வாசல் தாண்ட வைத்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அது நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் திறந்தேன். லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 13ஆம் வசனம்: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது."

களத்துக்கு வரும் பெண்களில் மூத்தவருக்கு மூன்று நாள் கூலி பாக்கி. மதுரை வியாபாரியிடமிருந்து எனக்குப் பணம் வரவில்லை, வந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவரும் சரி என்று போயிருந்தார். அன்று காலையில் பேரனுக்குக் காய்ச்சல் என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உப்பு மூட்டைக்காக எடுத்துவைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு ரயில் பாதையை ஒட்டியிருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தேன். மணி ஒன்பதரை. அவர் வாங்கினார், எண்ணினார், இடுப்பில் செருகினார். "நாளைக்கு வருகிறேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி நடக்கையில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வசனத்தை அதற்கு முன்பு குறைந்தது ஐந்து தடவை வாசித்திருப்பேன். ஐந்து தடவையும் அது யாரோ ஒரு கூலிக்காரனைப் பற்றியது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

வேதத்தை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது எப்படி என்று புதிதாக வாசிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் செய்துபார்த்ததையும் தவறியதையும் வைத்து எழுதுகிறேன். எந்த வசனத்தை வாசித்தாலும் "இதை இன்று யாரிடம் கொண்டுபோவது?" என்று கேளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பதற்கான வழிகள்.

முதல் படி: எங்கிருந்து தொடங்குவது

ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தலில் முடிக்கவேண்டும் என்று ஜனவரி முதல் தேதி உறுதி எடுக்கிறவர்களில் பலர், லேவியராகமத்துப் பலிகளின் சட்டங்களுக்கு வரும்போது நின்றுவிடுகிறார்கள். என்னைத் தொட்ட வசனமே லேவியராகமத்தில்தான் இருந்தது. இருந்தாலும் புதியவர்கள் மாற்குவில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பதினாறே அதிகாரம். படகு, வலை, பசி, நோய், வரி வாங்கும் இடம், கூட்ட நெரிசல் என்று நம் கரை வாழ்க்கைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் சுவிசேஷம். நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். அதோடு நீதிமொழிகள்: முப்பத்தொரு அதிகாரம், மாதத்தின் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். ஒரு நாள் விட்டுப்போனாலும் அன்றைய தேதியைப் பார்த்துத் தொடரலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அம்மா கொடுத்தனுப்பியது கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. மாமியார் வீட்டில் இருந்தது பழைய பரிசுத்த வேதாகமம், ஹென்றி பவர் தலைமையில் நடந்து 1871இல் நிறைவான மொழிபெயர்ப்பின் வழி வந்தது. சங்கீதம் என்று ஒன்றில் இருப்பது மற்றதில் திருப்பாடல். கிருபை அங்கே அருள். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் இதே கிழக்குக் கரையில், தரங்கம்பாடியில் அச்சானது. முந்நூறு வருடமாகத் தமிழும் மாறிவந்திருக்கிறது அல்லவா? யாக்கோபு 1:19 பழைய மொழிபெயர்ப்பில் "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்" இருக்கச் சொல்கிறது. இன்றைய காதுக்குத் தீவிரம் என்றால் கடுமை. அங்கே பொருள் விரைவு: கேட்பதற்கு முந்து, பேசுவதற்குப் பிந்து. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனப்பாடத்துக்குப் பழையதன் ஓசை எனக்குப் பிடிக்கும். விளங்கிக்கொள்ள மற்றது கைகொடுக்கும். இந்தக் கட்டுரையில் வரும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

இரண்டாம் படி: மேலும் கீழும் வாசியுங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது பல சபைகளில் வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்போம். அந்த வருடத்துக்கு அதுதான் நம் வசனம். ஒரு வருடம் எனக்கு எரேமியா 29:11 வந்தது. உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் வசனம். இந்த வருடம் கடன் தீரும் என்று நம்பினேன். ஏப்ரலில் படகின் இன்ஜின் போனது. கடன் இரண்டு மடங்கானது. அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

பல மாதம் கழித்து, கோபத்தோடுதான் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. 11ஆம் வசனத்துக்கு முந்திய 10ஆம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அட்டையில் அது இல்லை. வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைக் காணமாட்டார்கள் என்றுதானே அதற்குப் பொருள்! அப்படிப்பட்டவர்களிடம் 5ஆம் வசனம் வீடு கட்டச் சொல்கிறது, தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடச் சொல்கிறது. 7ஆம் வசனம் சிறைகொண்டுபோன பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது.

நான் எடுத்த அட்டை பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பாதியாக எடுத்திருந்தேன். முழு அதிகாரம் எனக்கு வேறு வேலை கொடுத்தது: கடன் தீரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த காரியங்களைக் கடனோடேயே செய்வது. மகளின் பள்ளி மாற்றம், கூரையின் ஒழுகல், மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சை மூன்றும் அந்த வருடம்தான் நடந்தன. அட்டை மறுபடியும் சுவருக்கு வந்தது. அதன் பக்கத்தில் 5ஆம் வசனத்தையும் என் கையால் எழுதி ஒட்டினேன்.

பிலிப்பியர் 4:13ஐயும் இப்படியே பாருங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் பேனாப் பெட்டியில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டட்டும். அதற்கு முந்திய வசனத்தையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று கட்டுண்டிருந்த பவுல் எழுதுகிறார். வெற்றி பெறும் பலத்தோடு மதிப்பெண் குறைந்த நாளைத் தாங்கும் பலமும் அந்த "எல்லாவற்றிலும்" அடங்கும்.

மூன்றாம் படி: முகத்தைத் தேடுங்கள்

வாசித்து முடித்தபின் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். வசனத்தில் ஒரு வினைச்சொல் இருக்கும்: கொடு, மன்னி, பொறு, கேள், அழு, காத்திரு. அந்த வினையை இன்று நீங்கள் சந்திக்கப்போகும் மனிதர்களில் ஒருவர்மேல் வைத்துப்பாருங்கள். "எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்" என்று முடிவெடுத்தால் அன்று மாலைக்குள் ஒன்றும் நடந்திருக்காது. "சின்ன மாமனாருக்குப் போன் செய்வேன்" என்று முடிவெடுத்தால் நடந்துவிடும்.

சில நேரம் முகம் முகவரி தெரியாததாக இருக்கும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11:1. என் தராசு நல்ல தராசு, முத்திரை வைத்தது. அதனால் பல காலம் அந்த வசனத்தை நிம்மதியாகக் கடந்துபோனேன். கருவாட்டுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். முழுதாகக் காயாத நெத்திலி எடை நிற்கும். அரை நாள் முன்னதாக அள்ளினால் மூட்டைக்கு மூட்டை லாபம். வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். அப்போது அது யாருடைய சரக்கு என்று கேட்க ஆளிருக்காது. தராசு சரியாக இருந்தும் நான் வைத்தது கள்ள எடைதான். எங்கோ ஓர் ஊரில் பிள்ளைகளுக்குக் குழம்பு வைக்கிற ஒரு பெண்தான் அந்த வசனத்தின் முகம் என்று உறைத்த பிறகு, இன்னொரு வெயில் காயவைக்காமல் அள்ளுவதில்லை.

முகத்தைத் தேடும்போது இன்னொன்றையும் கேட்டுப் பழகுங்கள்: நான் கீழ்ப்படிவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? எங்கள் மாவட்டத்தில் ஓரியூர் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம். அங்கிருந்து செம்மண் எடுத்துவராத கத்தோலிக்க வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. லிஸ்பனில் பிறந்த அவர் ஞானஸ்நானம் கொடுத்த தடியத் தேவர், ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்ற போதனைக்குக் கீழ்ப்படிந்து மற்ற மனைவியரை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் அன்றைய ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அதுதான் அருளானந்தரின் மரணம் வரைக்கும் போனது. அவர் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார்; அதை வணங்குகிறேன். ஆனாலும் ஓரியூருக்குப் போகும்போதெல்லாம் அனுப்பிவைக்கப்பட்ட அந்தப் பெண்களை நினைக்காமல் திரும்ப முடிவதில்லை. ஒருவர் வசனத்துக்குக் கீழ்ப்படிந்த நாளில் வீட்டை இழந்தவர்கள் அவர்கள். ஆகவே, பெரிய முடிவு எடுக்கும்போது அது யார் வீட்டுக் கூரையைத் தொடும் என்று பார்த்து, அவர்களுக்கும் வழி செய்துவிட்டு எடுங்கள்.

நான்காம் படி: நேரம் குறித்துக்கொள்ளுங்கள்

வசனத்துக்கு நேரம் குறிக்காவிட்டால் அது நாளைக்குத் தள்ளிப்போகும். எபேசியர் 4:26 தானே நேரம் குறித்துக் கொடுக்கிறது: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. சூரியன் மறையும்போது அவர் பெரும்பாலும் தண்ணீரில் இருப்பார்.

அவருடைய தம்பிக்கு வாங்கிக்கொடுத்த கடன் பற்றி ஒரு நாள் மதியம் வாக்குவாதம் முற்றியது. சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட்டார். போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கச்சான் காற்று ஓங்கி அடிக்கிற மாதம் அது. கடலுக்குப் போனவர் வருவார் என்று எந்த வீட்டிலும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த நினைவு வந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "சாப்பாட்டை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்" என்றேன். "நீயும் சாப்பிட்டிருக்கமாட்டாய், போய்ச் சாப்பிடு" என்றார். கடன் விஷயம் தீர இன்னும் இரண்டு வாரம் ஆனது. வசனத்தில் எரிச்சல் தணியவேண்டும் என்றுதான் இருக்கிறது, வழக்கு தீரவேண்டும் என்று இல்லை. அதைக் கவனிக்காததால்தான் பல வீடுகளில் இந்த வசனத்தை முடியாத காரியம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சூரியன் அஸ்தமிக்கும் நேரம் என்பது அவர் படகில் ஏறும் நேரம். உங்கள் வீட்டில் அது இரவுப் பணிக்குப் பஸ் ஏறும் நேரமாக இருக்கலாம். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் எட்டு மணியாக இருக்கலாம். கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: துக்க வீட்டில் வாயைக் காத்துக்கொள்ளுங்கள்

புதிதாக வசனங்களைக் கற்கிறவர்கள் ஆர்வத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். நானும் தவறியிருக்கிறேன்.

என் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் தம்பியை இழந்தார். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. அங்கே இடிந்து நிற்கும் கோயிலின் சுவரைச் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கும்போது, அப்பத்தா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். புயலுக்குச் சில நாள் கழித்து, ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் ரோமர் 8:28ஐச் சொன்னாராம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. "அவர் சொன்னது வேதத்தில் இருக்கிறதுதான். ஆனால் என் தம்பி உடம்புகூடக் கிடைக்காத நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது?" என்று எழுபது வயதிலும் கேட்பார்.

அப்பத்தா விசுவாசத்தை விடவில்லை. அவருடைய வசனம் மாற்கு 4:38. படகு நிரம்பிக்கொண்டிருக்கிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" அப்படிக் கேட்டதற்காக ஆண்டவர் யாரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லையே என்பார் அப்பத்தா. கேள்வியும் ஜெபம்தான் என்று நான் கற்றது அவரிடம். சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப்போனவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகளில் நான் வாசிப்பது இதைத்தான், அதுவும் அவர்கள் கேட்டால் மட்டும்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்களைப் பாருங்கள். 2ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் தவறிப்போனது.

ரோமர் 12:15 "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்கிறது. அந்த வினைச்சொல் உங்களுக்கு உரியது, அழுகிறவருக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. ஆகவே துக்க வீட்டுக்குப் போகும்போது வசனத்தைக் காலுக்கும் கைக்கும் கொடுங்கள். ஒரு தூக்கு கஞ்சி கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புங்கள். முப்பதாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு, நாற்பதாம் நாள் போங்கள்.

ஆறாம் படி: செய்யக்கூடாதவை

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது, பாதுகாப்பை வாக்களிக்கும் சங்கீதம் 91ஐச் சொல்லிக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள். தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவைக் கீழே குதிக்கச் சொன்ன பிசாசு மேற்கோள் காட்டியது அதே சங்கீதத்தைத்தான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது மத்தேயு 4:7இல் இயேசு கொடுத்த பதில். அப்போஸ்தலர் 27இல் பவுல் இப்போது பயணம் வேண்டாம் என்று சொல்கிறார். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பிப் புறப்படுகிறான். 276 பேர் சென்ற கப்பல் உடைந்துபோகிறது. எச்சரிக்கையைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

மருந்தை நிறுத்தாதீர்கள். கொலோசெயர் 4:14 லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைக்கிறது. சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று இருந்த ஒருவரின் காலை நாங்கள் காப்பாற்ற முடியாமல் போனது. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

வசனத்தை அடுத்தவர்மேல் எறியாதீர்கள். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்பதை எபேசியர் 5:22இல் கண்டுபிடிக்கும் ஆண்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கச் சொல்லும் 21ஐயும், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் அன்புகூரச் சொல்லும் 25ஐயும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடி வாங்கிய பெண்ணிடம் ஏழெழுபதுதரம் மன்னி என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அது வேதத்தின் பெயரால் செய்யும் அநியாயம். அவள் பத்திரமாக இருக்கும் இடத்தில் இருக்கட்டும். மன்னிப்பு அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில், அவள் காலத்தில் நடக்கட்டும்.

ஏழாம் படி: நோட்டு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்தில் மூன்று பத்தி: வசனம், யாரிடம், என்ன நடந்தது. வாரத்துக்கு ஒரு வசனம். மூன்றாவது பத்தி பல வாரம் காலியாக இருக்கும். அதை அழகாக நிரப்பவேண்டும் என்பதற்காக நடக்காததை எழுதாதீர்கள். வேறு யாருக்கும் காட்டாதீர்கள். மற்றவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

மனப்பாடத்துக்குத் தனி நேரம் தேடவேண்டாம். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் என்றுதான் சொல்கிறது. நான் மீன் கழுவும்போது சொல்லிப்பார்ப்பேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த வீடுகளில் ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

எட்டாம் படி: வேலிக்கு அந்தப் பக்கம்

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டமோ வீட்டு ஜெபக்கூட்டமோ, மாதம் ஒரு முறையாவது மற்றவர்களோடு வாசியுங்கள். நம் பார்வைக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படும். ஆனால் வசனம் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கவேண்டாம்.

லூக்கா 10இல் ஒரு நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்கிறான்: "எனக்குப் பிறன் யார்?" ஏறக்குறைய நம் கேள்வியேதான். பதிலாக வந்த கதையில் காயம்பட்டவனைத் தூக்கியவன் சமாரியன், யூதர்கள் சம்பந்தம் கலக்காத ஜனம். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் அந்த வீட்டு லாத்தா எங்களுக்குக் கஞ்சி அனுப்பத் தவறியதில்லை. என் கணவருக்கு விபத்து நடந்த இரவில் ராமநாதபுரம் மருத்துவமனை வரைக்கும் கூட வந்தவர் அவர் மகன்தான். அந்தக் கதையில் நான் எப்போதும் உதவி செய்யும் சமாரியனின் இடத்தில் என்னை வைத்து வாசித்துப் பழகியிருந்தேன். அந்த இரவில் வழியில் கிடந்தவள் நான். உதவி வாங்கிக்கொள்வதும் அந்த வசனத்தைக் கைக்கொள்ளும் முறைதான்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். மாதக்கணக்கில் விட்டுப்போகும். அப்போது யோவான் 21ஆம் அதிகாரத்தைத் திறங்கள். பேதுரு மறுபடியும் மீன்பிடிக்கப் போயிருக்கிறான். இராமுழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடிந்ததும் கரையில் இயேசு நிற்கிறார். கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். மூன்று அதிகாரத்துக்கு முன்பு பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான். இப்போது இன்னொரு கரிநெருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் சொல்வது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." பேதுருவிடம் கேட்கும் கேள்விகள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகின்றன. நாமும் நோட்டில் காலியான பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்காமல் அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதலாம்.

இந்த வாரம் என் நோட்டில் இருப்பது ரோமர் 12:15இன் முதல் பாதி: "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்." அழுகிற வீட்டுக்குப் போகத் தெரிந்த எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது. யாரிடம் என்ற பத்தியில் பின்தெரு மதினியின் பெயரை எழுதியிருக்கிறேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்பது மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலை, களத்துக்குப் போவதற்கு முன்பு போகிறேன்.